தராசம்மாவின் இடது தட்டு

பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடம் திறந்த முதல் நாள், திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, அங்கிருந்த பன்னிரண்டு தராசுகளுக்கும் இடது தட்டு அரை மில்லிகிராம் இறங்கியது. எந்தத் தட்டிலும் ஒன்றும் இல்லை. அரை மில்லிகிராம் என்பது பெரிய எடையும் இல்லை. ஒரு கொசுவைப் பிடித்து நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு தேறும், அவ்வளவுதான். காய்கறிக் கடைத் தராசாக இருந்திருந்தால் கண்டுகொண்டிருக்கவே செய்யாது. இவையோ கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருப்பவை, பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டாலே பதறிப்போகிறவை. துறைத்தலைவியாக அன்று பொறுப்பேற்ற அம்மையார் தன் அறைக்கும் கரும்பலகைக்குமாக நாலைந்து தடவை போய் வந்து, முதல் பாடத்தை எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது பன்னிரண்டு முட்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மாணவிகள் ஒன்பது பேரும் தாங்கள்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று மூச்சு விடாமல் நின்றார்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் எழுந்து, "கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க வெளிய போனா தட்டு ஏறிடுது, உள்ள வந்தா இறங்கிடுது. நாலு தடவ பார்த்துட்டேன்" என்றார். அவர் மாணவி அல்ல, ஒரு மாணவியின் அப்பா. கடிகாரம் பழுது பார்ப்பவர் என்பதால் முள் எங்கே நிற்கிறது என்று கவனிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு.

அப்பாக்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் இருந்தது. பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. அதிலும் அமிலமும் நெருப்பும் இருக்கிற அறைக்குத் தனியாக அனுப்புவதா என்று ஒன்பது பெண்களுக்கும் ஒன்பது அப்பாக்கள் துணைக்கு வந்து பின் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அம்மையார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். இரண்டாவது வாரம் ஆளுக்கு இருபது சோதனைக் குழாய்களைக் கொடுத்து, சும்மா இருக்கிற நேரத்தில் கழுவி வைக்கச் சொன்னார். பருவம் முடிவதற்குள் எட்டு அப்பாக்களுக்குத் தங்கள் மகள்கள் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. கடிகாரக்காரர் மட்டும் நகரவில்லை. அவர் மகள் படித்து முடித்து வேறு நாட்டுக்கு வேலைக்குப் போன பிறகும் அவர் ஒன்பதரை மணிக்கு வந்து குழாய் கழுவிக்கொண்டிருந்தார். கடைசியில் கல்லூரி வேறு வழியில்லாமல் அவரையே அட்டெண்டராகப் போட்டது.

அம்மையார் அதிசயத்தில் மயங்குகிற ஆள் இல்லை. சாவிக்கொத்தைக் கழற்றி வைத்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், கொண்டை ஊசிகளை எடுத்துவிட்டுத் தலைவிரி கோலமாக நின்று பார்த்தார். வலது பக்கம் போய் நின்றார். முகம் சிவக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தட்டுகளையும் இடம் மாற்றி மாட்டினார். அப்போதும் எது இடது பக்கம் தொங்கியதோ அதுவே இறங்கியது. கம்பெனியிலிருந்து தராசு மெக்கானிக் ரயிலேறி வந்து, இரண்டு நாள் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தராசுல ஒரு குத்தமும் இல்லீங்க. தராசு சரியாத்தான் சொல்லுது. என்ன சொல்லுதுன்னுதான் எனக்குத் தெரியல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

என்ன சொல்கிறது என்பது அம்மையாருக்கு மட்டும் தெரியும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே போய்விட்டு வந்தார் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

இதற்கு ஆறு வருடம் முன்னால், பெண்ணுக்கென்று முதல்முறையாக ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி உதவி அறிவிக்கப்பட்டது. அந்த வருடத்துக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது போய்விடும், மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு, மகளுக்கு இரண்டு. நில அளவைத் துறையில் இருந்த கணவர், "போயிட்டு வா. பிள்ளைய எங்க அக்கா பார்த்துக்கும். மூணு வருஷம் கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிடும்" என்றார். மூன்று வருடம் ஆறாக நீண்டது. நான்காவது வருடம் கணவர் காய்ச்சலில் இறந்தார். அந்தக் கடிதம் கப்பலில் வந்து சேர்வதற்கு ஒரு மாதம் ஆகியது. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பாட்டம் அழுதார், அப்புறம் உலையில் இருந்த மாதிரியை எடுத்து நிறுத்தார், ஏனென்றால் அது ஆறிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த பேராசிரியர் சொல்லிக் கொடுத்த முதல் விதி, எதையும் மூன்று தடவை நிறுக்காமல் எழுதாதே என்பது. அந்த விதியை அவர் அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய நாட்டின் முதல் பெண்ணாக அவர் திரும்பி வந்தபோது செய்தித்தாளில் படம் வந்தது. ஏழு மணி நேரம் ரயிலில் போய் நாத்தனார் வீட்டு வாசலில் நின்றார். நாத்தனார் நல்ல பெண்மணி. தனக்குப் பிள்ளை இல்லாத குறையில் தம்பி பிள்ளையைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தவர். அம்மா எங்கே என்று குழந்தை கேட்டு அழக்கூடாது என்பதற்காக, வெளிநாட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார், ஒருநாள் வருவார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். எட்டு வயதுப் பெண் கதவைத் திறந்து, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் டீச்சர்" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, டீச்சர் வந்திருக்காங்க" என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

டீ குடித்து முடித்த பிறகு அம்மையார் மகளைக் கேட்டார்: "என்கூட வர்றியா?" பிள்ளை தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அம்மையார் அதை ஒரு அளவீட்டை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்குக் கிளம்பினார். ஒரு சிட்டிகை உப்பை மூன்று தடவை நிறுக்கிறவர் இந்த விஷயத்தில் ஒரே ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டது ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள்தான் ஆய்வுக்கூடம் திறந்தது.

ஆய்வுக்கூடம் ஒரு காலத்தில் ஐஸ் ஃபாக்டரியாக இருந்த கட்டடம். ஆண்கள் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் கொடுத்துவிட்டு மிச்சமிருந்ததைப் பெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள். சுவர்கள் இரண்டடி தடிமன், வெயில் உள்ளே வராது, காற்று அசையாது. நிறுப்பதற்கு நாட்டிலேயே இதைவிட நல்ல அறை கிடையாது என்று ஆண்கள் கல்லூரிக்காரர்கள் தெரிந்துகொண்டு கையைப் பிசைந்தபோது காலம் கடந்துவிட்டது. இந்த அறையிலிருந்துதான் நாட்டின் முதல் பெண் மருந்தியலாளர் வந்தார், முதல் பெண் மண் பரிசோதகர் வந்தார், குடிநீர் வாரியத்தின் முதல் பெண் அதிகாரி வந்தார். எல்லோருக்கும் இடது தட்டுத் திருத்தம் போடத் தெரியும். ஆய்வுக்கூடக் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில், வெப்பநிலைத் திருத்தத்துக்கும் காற்றின் ஈரப்பதத் திருத்தத்துக்கும் கீழே, துறைத்தலைவி அறையில் இருந்தால் கழிக்க வேண்டிய அளவு மாதவாரியாக அச்சிடப்பட்டிருந்தது. முதல் வருடம் அரை மில்லிகிராமாக இருந்தது. மகள் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் படுத்தபோது இரண்டானது. அவள் பள்ளி இறுதித் தேர்வில் வேதியியலை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொண்டாள் என்று நாத்தனார் கடிதம் போட்ட வாரம் மூன்றைத் தொட்டது. வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு திருத்தம் போடாமல் நிறுத்துப் பார்த்து விடை தப்பாக வந்ததும் பேசாமல் பதினேழாம் பக்கத்தைத் திருப்புவார்கள்.

மாணவிகள் அவருக்குத் தராசம்மா என்று பெயர் வைத்தார்கள். பெயர் காம்பவுண்டைத் தாண்டி ஊருக்குள் போனது. அட்டெண்டர் அவரை அம்மா என்றார், காய்கறிக்காரர் அம்மா என்றார், அவரைவிடப் பத்து வயது மூத்த கல்லூரி முதல்வரே ஒரு கட்டத்தில் அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். இருபது வருடத்தில் அவரை அம்மா என்று கூப்பிடாதவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வருகிற மகளின் கடிதம் மட்டும், "மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தது. அந்தக் கடிதங்களை அவர் எடைக்கற்கள் வைக்கும் வெல்வெட் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார்.

போய்ப் பார்க்கலாமே என்று அட்டெண்டர் பலமுறை சொன்னார். இந்தப் பருவம் முடியட்டும் என்பார் தராசம்மா. பருவம் முடிந்தால் விடுதிக் கட்டட வேலை, விடுதி முடிந்தால் முதுகலை வகுப்புக்கு அனுமதி வாங்க அலைய வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, வேலை உண்மையிலேயே இருந்தது. ஆனால் வேலை இல்லாத ஒரு மே மாதத்தில் அவர் ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்ததை அட்டெண்டர் பார்த்திருக்கிறார். "அவ வரலன்னு சொல்லிட்டா. சொன்னத மதிக்கணும் இல்லையா?" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு எதையோ நிறுக்கப் போனார். அன்று திருத்தம் ஏகத்துக்கும் எகிறி, மூன்று மாணவிகள் செய்முறையில் தோற்றார்கள்.

மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது நாத்தனார் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. செய்தி தெரிந்த வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, தராசம்மா முதல்வர் அறைக்குப் போய் அந்த ஊருக்கு ஒரு ட்ரங்க் கால் பதிவு செய்தார். அங்கே மூன்று ஆபரேட்டர்கள் என்பதால் மூன்றில் ஒரு பங்கு அதிர்ஷ்டம். இரண்டாவது வாரமே அதிர்ஷ்டம் அடித்தது. "எந்த நம்பர் வேணும்?" என்று ஒரு குரல் கேட்டது. பெரிய தபால் ஆபீஸ் என்றார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றது குரல். அந்த ஒரு நிமிடம் அவர் லைனில் இருந்தார். அந்தப் பக்கம் கம்பியைச் செருகும் சத்தமும், யாரோ லேசாகத் தொண்டையைச் செருமுவதும் கேட்டன. தபால் ஆபீஸ் கிடைத்ததும் மணி என்ன என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதிலிருந்து பதினான்கு வருடம், வியாழன்தோறும் மூன்று மணிக்கு, அந்த ஊர் தபால் ஆபீஸ்காரரிடம் மணி கேட்டார். அவரும் முதலில் எரிச்சல்பட்டு, பிறகு பழகி, மணி அடித்ததுமே எடுத்து, "மூணே கால்ங்க" என்று சொல்லி வைக்கத் தொடங்கினார். வியாழக்கிழமை மாலைகளில் இன்னும் அரை மில்லிகிராம் சேர்த்துக் கழிக்கவும் என்று கையேட்டில் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தது.

இதற்கு நடுவில் அவருடைய பெரிய வேலையும் நடந்தது. கடற்கரைக் கறுப்பு மணலிலிருந்து ஓர் அரிய உலோகத்தைப் பிரித்தெடுத்து அதன் அணு எடையைக் கண்டுபிடிப்பது. பதினோரு வருடம் மணலைச் சலித்து, கரைத்து, காய்ச்சி, வடித்து, கடைசியில் நகத்தில் ஒட்டும் அளவுக்கு ஒரு வெள்ளைப் பொடி கிடைத்தது. அதை நிறுத்து, கணக்குப் போட்டு, வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். எல்லாம் சரி, இந்த 4.1 மில்லிகிராம் திருத்தத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டு ஆசிரியர் குழு எழுதியது. தராசம்மாவுக்குப் பொய் எழுதத் தெரியாது. "மகள் வேறு ஊரில் இருக்கிறாள்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். சொந்த விவகாரங்களை விவாதிக்க இதழில் இடமில்லை என்று கட்டுரை திரும்பி வந்தது. மூன்று வருடம் கழித்து, பனி விழும் ஒரு தேசத்தில் இருந்த ஒருவர் அதே உலோகத்தின் எடையைக் கண்டுபிடித்துப் பெயரும் பதக்கமும் வாங்கினார். கடைசி இலக்கம் வரை இவருடைய எண்ணேதான். ஊர் கொதித்தது, முதல்வர் கண்டனக் கூட்டம் போடுவதாகச் சொன்னார். தராசம்மா கூட்டமெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். எண் சரி என்றால் கழித்த 4.1-உம் சரி என்றுதானே அர்த்தம் என்று அட்டெண்டரிடம் கேட்டார். கேட்கும்போது அவர் முகம் பெருமைப்படுகிற முகமாக இல்லை என்று அட்டெண்டர் சொல்லியிருக்கிறார்.

ஆய்வுக்கூடம் திறந்து இருபத்தைந்து வருடம் ஆனபோது திருத்தம் 6.2-இல் நின்றது. அந்த வருடம் ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, இரண்டாம் ஆண்டு மாணவிகள் நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பன்னிரண்டு தராசுகளும் திடீரென்று வலது பக்கம் சாய்ந்தன. சாய்ந்தன என்றால் கொஞ்ச நஞ்சமல்ல. முட்கள் அளவுகோலைத் தாண்டிப் போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. "அம்மா, என் தராசு செத்துப்போச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள். தராசம்மா தன் அறையிலிருந்து வந்து பார்த்தார். கால் நூற்றாண்டில் அவர் கண் முன்னால் வலது தட்டு தானாக இறங்கியதே இல்லை. பிறகு நிமிர்ந்தபோது வாசலில் குடையோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். முப்பத்துமூன்று வயது. கணவரின் நெற்றி அப்படியே இருந்தது.

"வணக்கம் டீச்சர்" என்றாள் மகள். "அம்மா போயிட்டாங்க. போன வாரம். நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு."

பெற்ற தாயிடம் வந்து அம்மா போய்விட்டார் என்று சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது? தராசம்மா நாத்தனாருக்காக அழ வேண்டும் என்று நினைத்தார், நினைக்க மட்டும்தான் முடிந்தது. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். பக்கத்துத் தராசின் முன் உட்கார்ந்து, இடுக்கியை எடுத்து, இடது தட்டில் எடைகளை வைக்க ஆரம்பித்தார். ஐந்து மில்லிகிராம் போட்டார், அசைந்து கொடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டுப் பத்து போட்டார். அப்புறம் இரண்டு. அப்புறம் தராசின் கையில் நகரும் சின்னக் கம்பியைத் துளித் துளியாகத் தள்ளினார். 12.7-இல் முள் நடுவில் வந்து நின்றது. எடைகளை எடுத்துவிட்டு இரண்டாம் தடவை நிறுத்தார், மூன்றாம் தடவையும் நிறுத்தார். அதே 12.7. தன்னுடைய 6.2-ஐ அதோடு கூட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டாள் மகள். என்ன நிறுக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

"பதினெட்டு புள்ளி ஒம்பது."

"உங்களது?"

"ஆறு புள்ளி ரெண்டு."

இருபத்தைந்து வருடமாகத் தராசம்மா தன் ஏக்கத்தைப் பத்தில் ஒரு மில்லிகிராம் சுத்தமாக அளந்து, வரைபடம் போட்டு, அச்சடித்து வைத்திருந்தார். எதிர்த் தட்டில் ஒருத்தி இருக்கக்கூடும், அவளுக்கும் ஓர் எடை இருக்கக்கூடும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அதுவும் மூன்று மடங்குக்கு மேல். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு தடவதான் கேட்டீங்க டீச்சர்" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரல்தான். "எட்டு வயசுப் பிள்ள, பார்த்தே இராத ஆளு கூப்பிட்டா தலைய ஆட்டத்தான் செய்யும். நீங்க யாருன்னு அன்னிக்கு ராத்திரியே அம்மா சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் மறுபடி கேப்பீங்கன்னு துணியெல்லாம் மடிச்சு வச்சிருந்தேன். ஒரு மாசம் மடிச்சபடியே இருந்துச்சு. அப்புறம் அம்மாதான் பிரிச்சு அடுக்கினாங்க."

"வியாழக்கிழமை..." என்று தராசம்மா ஆரம்பித்தார்.

"தபால் ஆபீஸ்ல மணி என்னன்னு பதினாலு வருஷமா கேக்குறது யாருன்னு எனக்குத் தெரியாதா? மத்த ரெண்டு பேர்கிட்ட சொல்லி வியாழக்கிழமை மூணு மணி ஷிஃப்ட்ட நானே வாங்கிக்கிட்டேன். இல்லாட்டி எல்லா வாரமும் எப்படி நானே கிடைப்பேன்?"

மாணவிகளை வெளியே அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருபது பேரும் நின்று அழுதார்கள். அட்டெண்டர் கழுவிய குழாய்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். தராசம்மா எழுந்து, இருபத்தைந்து வருடம் தாமதமாக, இரண்டாவது தடவை கேட்டார்: "என்கூட வர்றியா?" மகள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அறைக்குள் கூட்டிப்போய் டீ கொடுத்து, குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, மூன்றாவது தடவை கேட்டார். மகள் லேசாகச் சிரித்தாள், ஆனால் தலையை ஆட்டினாள். ஒன்றரை மணி ரயிலுக்கு ஸ்டேஷன் வரை கூடவே போய், பெட்டி வாசலில் நின்றுகொண்டு நான்காவது தடவை கேட்டார்.

"நீங்களும் எத்தன தடவ கேட்டாலும் அதே கேள்வியத்தான் கேக்குறீங்க" என்றாள் மகள், ஜன்னலோரம் உட்கார்ந்தபடி. "என்கூட வர்றியா, என்கூட வர்றியா. எனக்கு அங்க வீடு இருக்கு, வேலை இருக்கு. நான் வரட்டுமான்னு ஒரு தடவ கேட்டா என்னவாம்?"

விசில் ஊதியது. அறிவியல் உலகில் தராசம்மா எத்தனையோ கேள்விகளைச் சரியாகக் கேட்டுப் பெயர் வாங்கியவர், இது மட்டும் ஐம்பத்தேழு வயதில்தான் அவருக்குக் கிடைத்தது. "நான் வரட்டுமா?" என்று கேட்டார். மகள் ஜன்னலோர இடத்திலிருந்து எழுந்து உள்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தராசம்மா விரலில் சாக்பீஸ் தூளோடு, மாற்றுத் துணிகூட இல்லாமல், கண்ணாடிக் கூட்டில் மூக்குக் கண்ணாடியும் பையில் ஆய்வுக்கூடச் சாவியுமாக ரயிலேறிவிட்டார். சாவி அடுத்த வாரம் பதிவுத் தபாலில் வந்தது, ராஜினாமாக் கடிதமும் அதோடு இருந்தது. கல்லூரியில் பன்னிரண்டு தராசுகளும் நடுவில் நின்றன. அட்டெண்டருக்கு அது பார்க்கவே பிடிக்கவில்லை; ஒரு வாரம் துணி போட்டு மூடி வைத்தார்.

மகள் குடியிருந்தது ஒரு மருந்துக்கடையின் மாடியில். தராசம்மா வந்த மூன்றாம் நாள் கடைக்காரக் கம்பவுண்டர் மேலே ஏறி வந்து, ஒரு சங்கடம் என்றார். பொடி நிறுக்கிற தராசு இத்தனை வருடமாக, மேலே டெலிபோன் அம்மா வீட்டில் இருந்தால் வலது பக்கம் பத்தொன்பது மில்லிகிராம் இறங்கும், இல்லாவிட்டால் இறங்காது. அவரும் அதற்குத் தகுந்த மாதிரி கழித்துக் கொடுத்துப் பழகிவிட்டார். இப்போது கணக்கு மாறிவிட்டது, இடது பக்கமும் ஏதோ இழுக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. தராசம்மா கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். கடைச் சுவரில் கம்பவுண்டர் பென்சிலால் பத்து வருடமாக எழுதி வைத்த தேதிகளும் எண்களும் இருந்தன. ஒன்றுகூடப் பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. அவர் அந்தச் சுவர் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முழுவதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது. பிறகு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு புதுத் திருத்த அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

அந்த ஊரில் அவர் பதினோரு வருடம் இருந்தார். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தார். வியாழக்கிழமை மகளின் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நின்று அவளோடு நடந்து வீட்டுக்கு வந்தார். வீட்டில் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை, மகள் டீச்சர் என்றே கூப்பிட்டாள், மாடிப்படியில் நின்று "டீச்சர், சாவி!" என்று கத்துவது தெருவுக்கே கேட்கும். அம்மா என்ற சொல்லை நாத்தனார் கொண்டு போய்விட்டார், அது அவருக்குச் சேர வேண்டியதுதான் என்று தராசம்மா அதற்குக் காத்திருப்பதை விட்டுவிட்டார். எடைகள் வருடா வருடம் இறங்கின. மகளுடையது பத்தொன்பதிலிருந்து பன்னிரண்டானது, ஏழானது, மூன்றானது. தராசம்மாவுடையது இரண்டுக்கு வந்து, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கம்பவுண்டருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரே வீட்லதான் இருக்கீங்க, தினம் பாக்குறீங்க. அப்புறமும் எதுக்கும்மா இந்த ரெண்டு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ரெண்டு வயசுலேர்ந்து முப்பத்துமூணு வரைக்கும் அவ எப்படி இருந்தான்னு நான் பாக்கலியேப்பா" என்றார் தராசம்மா. "பல்லு விழுந்தது, உயரமானது, மொதல் நாள் வேலைக்குப் போனது. அதெல்லாம் இனிமே எங்க போயிப் பாக்குறது?" கம்பவுண்டருக்கு அது நியாயம்தான் என்று பட்டது. இரண்டைக் கழித்துவிட்டு அடுத்த பொட்டலத்தை மடித்தார்.

பதினோராவது வருடத்தின் முடிவில் ஒரு நாள், கடை திறந்து அரை மணி நேரத்தில், கம்பவுண்டர் எதையும் தொடாமலே இடது தட்டு மேலே வந்தது. அதே நேரம் வலது தட்டு இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. மேலிருந்து அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. அவர் தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, கடையையும் சாத்திவிட்டு, மாடிப்படி ஏறிப் போனார். மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தராசம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாகிவிட்டது, மகள் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, அதே மாடியில்தான் இருக்கிறார். கம்பவுண்டரும் மாறிவிட்டார், புதிதாக வந்திருப்பவள் ஒரு பெண், மருந்தியல் படித்தவள். இதுபற்றி அவளுக்கு யாரும் பெரிதாக விளக்கம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருமல் பொடி வாங்க மகள் கீழே இறங்கி வந்தால், தராசின் முன் நின்றதும் அவரே, "இருபத்தொண்ணு கழிச்சுக்கம்மா" என்று சொல்லிவிடுகிறார். அவள் இருபத்தொன்றைக் கழித்து நிறுத்து, பொட்டலம் மடித்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேளை என்று சொல்லிக் கொடுக்கிறாள்.